ஆளில்லாத கோட்டு

அத்தியாயம் 6

மருந்துக் கம்பெனி கேட்டில் இருந்த வாட்ச்மேன் முதலில் கோவிந்தராஜுலுவிடம் பெயர் கேட்டார். சொன்னதும் மரியாதையாகத் தலையாட்டினார். பிறகு மொபெட்டின் பின்னால் உட்கார்ந்திருந்தவனிடம் கேட்டார்.

“யூனுஸ்ங்க.”

“டிக்கியைத் தெறங்க.”

“ஏனுங்ண்ணா, மொபெட்டுக்கு ஏதுங்க டிக்கி?”

வாட்ச்மேன் யோசித்தார். “அப்பப் பெட்ரோல் மூடியைத் தெறங்க.”

யூனுஸ் திறந்தான். அவர் குனிந்து மோந்து பார்த்தார். பெட்ரோல் வாசம்தான் வந்தது. கொஞ்சம் ஏமாற்றத்தோடு உள்ளே விட்டார்.

கோயமுத்தூரில் குண்டு வெடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருஷத்தில் யூனுஸ் பெயரைச் சொல்லிவிட்டுத் திறந்து காட்டாத மூடி எதுவும் பாக்கியில்லை. டிபன் கேரியர், குடை, அத்தையின் மூட்டுவலித் தைலம்.

“என் பேரை ஒரு சாவியா வெச்சுக்கலாம் சார். எல்லாத்தையும் தெறக்குது. வேலை குடுக்கறவங்க மனசு மட்டுந்தான் தெறக்க மாட்டேங்குது.”

“நான் குடுத்திருக்கேனே.”

“அதையுஞ் சேர்த்துத்தானுங்க சொல்றேன்.”

துப்பறிவாளர் கோவிந்தராஜுலு மொபெட்டுக்கு ஸ்டாண்டு போட்டார். காந்திபுரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் அவருடைய ஆபீஸ். அவருக்கு இரண்டு பழக்கங்கள். யாரோடு கைகுலுக்கினாலும் உடனே கை கழுவ வேண்டும். யார் என்ன சொன்னாலும் உடனே நம்பக் கூடாது. முதல் பழக்கத்தால் நண்பர்கள் குறைந்தார்கள். இரண்டாவதால் வாடிக்கையாளர்கள்.

வாட்ச்மேன் கூண்டுக்குள் கம்பெனியின் இந்த வருஷக் காலண்டர் தொங்கியது. வாழைக்கன்று கட்டிய ஒரு வேனுக்கு முன்னால் வெள்ளை வேட்டி முதலாளி ஒரு கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருக்க, ஒரு டாக்டரம்மா அதற்கு ஊசி போடுகிறார். கீழே கொட்டை எழுத்தில் ‘முதல் லாட், முதல் ஊசி. ஆயுத பூஜையன்று எடுத்த படம்.’

குழந்தையின் பெயர் ஷைமா. வேனுக்கு டிரைவர் அவளுடைய அப்பா இல்யாஸ். அவன் இப்போது ஜெயிலில் இருந்தான்.

விஷயம் இதுதான். சிங்காநல்லூரில் நூல் நூற்றுக்கொண்டிருந்த பூவாத்தாள் ஸ்பின்னர்ஸ், மில்லின் பின்பாதியைச் சுண்ணாம்பு அடித்து, பூவாத்தாள் பயோலாஜிக்கல்ஸ் என்று போர்டு மாட்டி, குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வராமல் தடுக்கும் ஊசி தயாரித்தது. அந்த ஊசி போட்ட பிறகும் சத்தியமங்கலம் பக்கத்தில் இரண்டு குழந்தைகளுக்கு அதே மூளைக்காய்ச்சல் வந்தது. ஒன்று இறந்துபோனது. டிரைவர் வேனின் குளிர்பதன மிஷினை அணைத்துவிட்டு டீசலை விற்றுவிட்டான், மருந்து வெயிலில் வெந்துவிட்டது என்று கம்பெனி புகார் கொடுத்தது. இல்யாஸ் வீட்டில் ஒரு டீசல் கேன் இருந்தது. டிரைவர் வீட்டில் டீசல் கேன் இருப்பது அந்த வருஷம் பெரிய கண்டுபிடிப்பாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஜாமீன் கிடைக்கவில்லை.

இல்யாஸின் மனைவி சமீரா, ஷைமாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “மருந்தைக் கெடுக்கற ஆளா இருந்தா சொந்தப் புள்ளைக்கே மொத ஊசி போட உடுவாருங்களா?”

அன்று மாலையே யூனுஸ் சத்தியமங்கலம் பஸ் ஏறினான். பிழைத்த குழந்தையைப் பார்த்தான்.  அதன் அம்மா ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால் கீழே போட்டாள். யூனுஸ் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினான். குழந்தை திரும்பவில்லை. காய்ச்சல் அதன் காதைக் கொண்டுபோயிருந்தது.

அந்தத் தட்டுச் சத்தத்தைச் சமீராவிடம் நடந்தபடி சொன்னான், ஆனால் அதைப் பற்றி இன்னும் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அவனைத் தெரிந்தவர்களுக்கு அது கவலைக்குரிய அறிகுறி.

* * *

முதலாளி கிருபாசங்கர் எழுந்து நின்று கும்பிட்டார். அவர் தலைக்கு மேல் அம்மா பூவாத்தாள் சந்தன மாலைக்குள்ளிருந்து கணக்குக் கேட்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க வாங்க. ஏனுங்க, எளநி சாப்படறீங்களா, காப்பி சாப்படறீங்களா?”

“ஒண்ணும் வேண்டாங்க.”

“அட, வந்தவங்க வெறும் வாயோட போனா என்ற அம்மா கோவிச்சுக்கும்.” இளநீர் வந்தது. “இல்யாசு தங்கமான பையனுங்க. அவனைப் போலீசுல புடிச்சுக் குடுத்துப்போட்டு எனக்குத் தூக்கமே இல்லீங்க.”

“புடிச்சுக் குடுத்தது யாருங்க?” என்றான் யூனுஸ்.

“நாந்தானுங்க. அதைத்தான் சொல்றேன்.”

உலகத்திலேயே ஒருவனை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு அவன் பெயருக்குப் பின்னால் இத்தனை ‘ங்க’ போடக்கூடிய ஊர் வேறு எதுவும் கிடையாது.

“மருந்து இங்கிருந்து கிளம்பும்போது நல்லாத்தான் இருந்துச்சா?” என்றார் கோவிந்தராஜுலு.

“என்னங்க இப்படிக் கேக்கறீங்க? அந்தத் தடவை செஞ்ச லாட்டோட மொத ஊசியே இல்யாசு புள்ளைக்குத்தானுங்க போட்டோம். அடுத்த நாளுதான் வண்டி சத்திக்குக் கிளம்புச்சு. டெஸ்ட்டெல்லாம் பக்கா. ஆரம்பத்துல, டிரையல் பாக்கறப்ப, ஏகப்பட்ட மருந்து கழிஞ்சு போயிட்டு இருந்துச்சுங்க. அப்புறம் நம்ம மில்லு ஆளையே கொண்டாந்து போட்டு, மில்லு மாதிரி நடத்த ஆரம்பிச்சோம். இன்னைக்குப் பாருங்க, இந்தக் காம்பவுண்டுக்குள்ள வேஸ்டுங்கற பேச்சே கெடையாது.”

கைகுலுக்கி விடை கொடுத்தார். கோவிந்தராஜுலு வெளியே வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

“குழாய் எங்க இருக்கு?”

“மொதல்ல டாக்டரம்மாவைப் பாத்துரலாம் சார். அவங்க கையையும் குலுக்கிட்டீங்கன்னா சேர்த்து ஒரே கழுவாக் கழுவிரலாம். இங்க வேஸ்டுங்கற பேச்சே கெடையாதாம்.”

* * *

டாக்டர் சாந்தாமணி கைகொடுக்கவில்லை. மாடியில் பரிசோதனை அறையில் உட்கார்ந்திருந்தார். ஊசியை வடிவமைத்ததே அவர்தான். காலண்டரில் இருந்ததைவிடப் பத்து வயது கூடியிருந்தார். காலண்டர் அச்சாகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

“எனக்கு அறிவியல் தெரியாதுங்க. பத்தாவதுல தவளையை அறுக்கச் சொன்னாங்க, தவளை தப்பிச்சிருச்சு,” என்றான் யூனுஸ். “அதுக்குத் தகுந்த மாதிரி சொல்லுங்க.”

சாந்தாமணி சிரிக்கவில்லை. சுவரில் ஆணியில் தொங்கிய தன் வெள்ளைக் கோட்டைக் காட்டினார்.

“இந்தக் கிருமி மேல சர்க்கரையால ஒரு கோட்டு போட்டிருக்கும். இனிக்கற சர்க்கரை இல்லீங்க, நீளமாச் சங்கிலி மாதிரி இருக்கும். பெரியவங்க உடம்புக்கு அந்தக் கோட்டைக் காட்டினாலே போதும், ஞாபகம் வெச்சுக்கும். நாளைக்கு அதே கோட்டு போட்டுட்டுக் கிருமி வந்தா அடிச்சுத் தொரத்திரும். ரெண்டு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைக்கு அது தெரியாது. ஆணியில தொங்கற கோட்டைப் பார்த்து எந்தக் குழந்தையாவது பயப்படுதா?”

“இல்லீங்க.”

“அதையே ஒரு ஆளு மாட்டிட்டு உள்ள வந்தா?”

“கத்தும்.”

“அதுதான் இந்த ஊசி. சர்க்கரையை ஒரு புரோட்டீன் மேல கெட்டியா மாட்டி அனுப்பறோம். புரோட்டீன்தான் ஆளு. ஆளோட சேர்த்துப் பார்த்தாத்தான் குழந்தை உடம்பு கோட்டை ஞாபகம் வெச்சுக்கும்.”

“எல்லாக் கோட்டும் ஆளு மேல மாட்டிக்குமா?” என்றார் கோவிந்தராஜுலு.

சாந்தாமணி அவரை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். “மாட்டாதுங்க. பாதிக்கு மேல சும்மா மெதக்கும். அதனால கடைசியில ஒரு உயரமான கண்ணாடிக் குழாய் வழியா விட்டுப் பிரிக்கணும். மொதல்ல வர்றது ஆளோட வர்ற கோட்டு, அதுதான் மருந்து. பின்னால வர்றது வெறுங்கோட்டு. அதைக் கொட்டிரணும்.”

“கொட்டாம அதையும் போட்டா?”

“போட்டா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. ஒண்ணுமே ஆகாது.” அந்தச் சொல்லை இரண்டாவது முறை மெதுவாகச் சொன்னார். “வெறுங்கோட்டு அதிகமாச்சுன்னா, நல்லா இருக்கற கொஞ்சநஞ்ச மருந்தும் அந்தக் கூட்டத்துல காணாமப் போயிரும். அவ்வளவுதான்.”

“அப்பப் பத்திரமாக் கொட்டுவீங்க.”

“கீழ போனீங்கன்னா, பிரிக்கற ரூமுக்கு வெளிய ஒரு தொட்டி இருக்கு. அதுல ஊத்தித்தான் தண்ணியை விடுவாங்க.” பிறகு, சம்பந்தமே இல்லாமல் சொன்னார். “நீங்க கை கழுவணும்னா அங்கயே கழுவிக்கலாம்.”

கோவிந்தராஜுலு தன் கையைப் பார்த்துக்கொண்டார். அவர் கை கழுவ வேண்டும் என்று இந்த அறையில் வாய் திறக்கவேயில்லை. ஆனால் உள்ளே வந்ததிலிருந்து, முதலாளியோடு குலுக்கிய கையை யார் மேலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அதை அந்த அம்மாள் கவனித்திருந்தார்.

கீழே தொட்டி இருந்தது. வெள்ளைப் பீங்கான். கோவிந்தராஜுலு குழாயைத் திருகப் போனவர் அப்படியே நின்றார்.

தொட்டியின் ஓட்டை வாய்க்குக் குறுக்கே ஒரு சிலந்தி வலை பின்னியிருந்தது. அவசரத்தில் பின்னியதல்ல. அடுக்கடுக்காக, தூசி படிந்து, பழைய கொசுக்களோடு, பட்டா வாங்கிக் கட்டிய வீடு மாதிரி இருந்தது. நடுவில் சிலந்தி உட்கார்ந்திருந்தது.

“இந்தப் பக்கம் மில்லை மூடிட்டாலும் நூக்கறதை நிறுத்தலை பாருங்க சார்,” என்றான் யூனுஸ்.

“இந்தக் குழியில கடைசியாத் தண்ணி எப்போ போயிருக்கும்?”

யூனுஸ் குனிந்து பார்த்தான். அவன் முகத்திலிருந்து சிரிப்பு மெதுவாக இறங்கியது. “இது குடிவந்தப்புறம் போகலைங்க சார்.”

“மருந்து மாசாமாசம் தயாராகுது. வெறுங்கோட்டை இதுலதான் கொட்டணும். அப்போ அது எங்க போகுது?”

கோவிந்தராஜுலு கை கழுவாமல் திரும்பினார். யூனுஸ் வேலைக்குச் சேர்ந்து இதுதான் முதல்முறை.

* * *

பிரிக்கும் அறையின் மேஸ்திரி அங்கப்பன், கேட்டுக்கு எதிர் டீக்கடையில் வடையோடு இருந்தார். கடையிலும் அதே காலண்டர். வேலைக்காரர்கள் அவரை ‘மிக்சிங் அங்கப்பண்ணன்’ என்றார்கள். முப்பது வருஷம் மில்லில் பஞ்சு கலக்கும் பிரிவில் இருந்தவர். முகத்தில் கள்ளம் என்பது மருந்துக்கும் இல்லை. அந்த மருந்திலும் வேறு நிறைய விஷயங்கள் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

“மருந்துக் கம்பெனியில உங்களுக்கு என்னங்க வேலை?” என்றார் கோவிந்தராஜுலு.

“அதே வேலைதானுங்க சாமி. மில்லுல சீவி எடுக்கும்போது துண்டுப்பஞ்சு உழுகுமுங்க. அதைத் தூக்கிக் கொட்டிருவாங்களா? மறுக்காக் கலவையில சேர்த்துப்போட்டா அதுவும் நூலாயிரும். எவ்வளவு சேக்கலாம், எப்படிச் சேத்தாத் தெரியாதுங்கறதுதான் கைப்பக்குவம். அதுல நம்மளை அடிக்க ஆளில்லீங்க.”

“இங்க?”

“இங்க வந்து பாத்தா, கண்ணு, வயிறு எரிஞ்சுபோச்சு.” அங்கப்பன் நெஞ்சில் கைவைத்தார். “கண்ணாடிக் குழாயில இருந்து மொதல்ல வர்றதைப் புடிச்சுக்கறாங்க. பின்னால வர்றதைச் சாக்கடைக்கு உடறாங்க. நான் கேட்டேன், ஏஞ்சாமி, அதுவும் சக்கரைதானே, அதே சக்கரைதானேன்னு. குழாய்கிட்ட நின்ன பையன் ஆமாங்கறான். அப்ப ஏண்டா கொட்டறேன்னேன். பையனுக்குப் பதில் சொல்லத் தெரியலீங்க. ஓடிப்போயி மொதலாளிகிட்டச் சொன்னேன். ‘அங்கப்பண்ணா, உங்களை இங்க போட்டதே இதுக்குத்தான்’னு தோளைத் தட்டுனாரு. அன்னைலருந்து ஒரு சொட்டு கீழ போகலீங்க. எல்லாங் கலவையில.”

“டெஸ்ட்டுல தெரியாதுங்களா?”

“டெஸ்ட்டுல சக்கரை எவ்வளவு இருக்குதுன்னு பாப்பாங்க. செரியா இருக்குமுங்க. சொல்லப்போனா முன்னத்தவிட ஜாஸ்தியாவே இருக்கும்.”

“டாக்டரம்மாவுக்கு இது தெரியுமா?”

“தெரியாம? மொத நாளே போயிச் சொல்லிப்போட்டேன். ஒண்ணும் பேசலீங்க. பேசலைன்னா செரின்னுதானுங்களே அர்த்தம்?”

யூனுஸ் டீ கிளாசைக் கீழே வைத்தான். “சத்தியில ஒரு குழந்தை செத்துப்போச்சே, அங்கப்பண்ணா.”

அங்கப்பனின் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது. “அதை நெனச்சா எனக்குச் சோறு எறங்கலை கண்ணு. நாங்க ஒவ்வொரு சொட்டா மிச்சம் புடிச்சுச் செஞ்ச மருந்து. அதைக் கொண்டுபோயி வெயில்ல வேக வெச்சுப்போட்டானே அந்தப் பாவி. அவனுக்கும் ஒரு பொம்பளப் புள்ள இருக்குதே, மனசு வந்துச்சா?”

யூனுஸுக்கு அந்தக் கணம் இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று ஜோக், இன்னொன்று கெட்ட வார்த்தை. இரண்டையும் வடையோடு முழுங்கினான்.

* * *

சாந்தாமணியைச் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் பிடித்தார்கள். டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தார். இவர்களைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

“தொட்டியைப் பார்த்துட்டீங்களா?”

“பார்த்தோம். வலையையும் பார்த்தோம்,” என்றார் கோவிந்தராஜுலு.

“கூட்டறவங்ககிட்ட அந்தச் சிலந்தியைத் தொடக்கூடாதுன்னு சொல்லி வெச்சதே நாந்தானுங்க.” சாந்தாமணி பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு பேசினார். “கண்ணுல படட்டும்னுதான். அரசாங்கத்துல இருந்து ரெண்டு தடவை ஆய்வுக்கு வந்தாங்க. ரெண்டு தடவையும் நானே அந்தத் தொட்டிகிட்டக் கூட்டிட்டுப் போயி நிறுத்தினேன். எளநி குடிச்சாங்க, மட்டையை அந்தத் தொட்டி மேலயே வெச்சாங்க, போயிட்டாங்க. உங்களை மாதிரிக் கை கழுவற ஆளு ஒருத்தர்கூட வரலை.”

“ஏனுங்க டாக்டர்,” என்றான் யூனுஸ், “வாய் உங்ககிட்டத்தானுங்களே இருந்துச்சு? சிலந்தி எதுக்குங்க சாட்சி சொல்லணும்?”

அவர் முதல்முறையாக அவன் பக்கம் திரும்பினார்.

“தனியாக் கெடக்கற சர்க்கரையை அளக்கற டெஸ்ட்டு ஒண்ணு இருக்கு. ஆறு மாசமாக் கேட்டேன். வாங்கித் தரலை. டெஸ்ட்டு இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லியிருக்கணும். போட்டேன். இந்த ஊர்ல இந்தப் படிப்புக்கு இருக்கறது ஒரே கம்பெனி. குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். எல்லாக் குழந்தைக்குமா மூளைக்காய்ச்சல் வரப்போகுது? ஆயிரத்துல ஒண்ணுக்கு வரும்.” நிறுத்தினார். “அந்த ஒண்ணுக்குப் பேரு இருக்கும்னு நான் நெனைக்கலைங்க.”

“கோர்ட்டுல சொல்வீங்களா?”

பஸ் வந்தது. சாந்தாமணி படியில் ஒரு கால் வைத்தார்.

“எல்லா லாட்டுலயும் கொஞ்சம் பாட்டில் எடுத்து மாடி ஃப்ரிட்ஜுல பத்திரப்படுத்தி வெப்போம். அது இல்யாஸ் வண்டியில ஏறவே ஏறாது. அதைப் பிரிச்சுப் பார்த்தா உண்மை தெரியும். நாளைக்கு வாங்க.” கண்டக்டர் விசில் ஊதினார். “பாட்டில்தான் சொல்லணும்னு இல்லீங்க. ஊசி போட்ட உடம்பும் சொல்லும். ரத்தத்துல இருக்கும், இல்லைன்னா இருக்காது.”

* * *

மறுநாள் காலை வக்கீல் சென்னகேசவனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வாட்ச்மேன் இம்முறை யூனுஸின் பெட்ரோல் மூடியைத் திறக்கச் சொல்லவில்லை. அதுவே கெட்ட சகுனமாகத் தெரிந்தது.

தொட்டி பளபளத்தது. பினாயில் வாசம் அடித்தது. சிலந்திக்கு நோட்டீஸ்கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள். மாடியில் ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருந்தது. ராத்திரி கரண்ட் போய் எல்லாம் வீணாகிவிட்டதாம், எரித்துவிட்டார்களாம். அங்கப்பன் மில்லுக்கே மாற்றப்பட்டுவிட்டார். டாக்டரம்மா நீண்ட விடுப்பு. ஆணியில் அவருடைய வெள்ளைக் கோட்டு மட்டும் தொங்கியது.

யூனுஸ் அதையே பார்த்தான். “சார், இதைப் பார்த்தா எனக்கும் ஒண்ணும் ஞாபகம் வரலை.”

கிருபாசங்கர் வாசல்வரை வந்து வரவேற்றார். “ஏனுங்க, ஒரு போன் பண்ணிப்போட்டு வந்திருந்தா டிபன் ஏற்பாடு பண்ணியிருப்பேனே.”

“நேத்து வந்ததே போன் பண்ணின மாதிரி ஆயிருச்சு போல,” என்றார் கோவிந்தராஜுலு.

“உங்க சிரமம் எனக்குப் புரியுதுங்க. இல்யாசு குடும்பத்தை நினைச்சா எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா பாருங்க, ஆதாரம்னு ஒண்ணு வேணுமில்லீங்களா?”

வக்கீல் தலைகுனிந்தார். யூனுஸ் வாசலைப் பார்த்தான். கோவிந்தராஜுலு மட்டும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் அருகில் போய் நின்றார். மூக்கு படும் தூரத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

“ரொம்ப நல்ல போட்டோங்க. உங்க முகத்துல என்னா தேஜஸ்! எனக்கு ஒண்ணு கிடைக்குமா?”

கிருபாசங்கரின் முகம் மலர்ந்தது. “ஒண்ணு என்னங்க, கட்டோட எடுத்துட்டுப் போங்க. டவுனு பூரா குடுத்திருக்கோம். பேக்கரி, ஓட்டலு, ஸ்டேஷன், கோர்ட்டு கேன்டீன், எல்லா எடத்துலயும் நம்ம காலண்டருதான்.”

“அந்தத் தைரியத்துலதான் கேட்டேன்.”

வெளியே வந்ததும் கோவிந்தராஜுலு மொபெட் சீட்டின் மேல் காலண்டரை விரித்தார்.

“யூனுஸ், ஷைமாவுக்கு ஊசி போடறாங்க. பின்னால வேன். முன்சக்கரத்துக்கு அடியில என்ன இருக்கு?”

“எலுமிச்சம்பழம் சார். புது வண்டிக்குப் பூஜை போட்டா வெப்பாங்களே.”

“எதுக்கு வெப்பாங்க?”

“ஏத்தி நசுக்கிட்டுக் கிளம்பறதுக்கு.”

“நசுங்கியிருக்கா?”

யூனுஸ் குனிந்தான். பழம் முழுசாக, உருண்டையாக, குங்குமப் பொட்டோடு சிரித்துக்கொண்டிருந்தது.

“இந்தப் போட்டோ எடுக்கறவரைக்கும் அந்த வேன் ஒரு அடிகூட நகரலை. இல்யாஸ் சாவியையே திருகலை. ஆனா ஊசி ஷைமா கையில இறங்கியாச்சு. அதே லாட்டுன்னு அவங்களே அச்சடிச்சிருக்காங்க. எல்லாத்தையும் துடைச்சாரு, தன் மூஞ்சி இருக்கற காலண்டரைத் துடைக்க அவருக்கு மனசு வரலை.”

“அப்ப, சத்திக்குப் போன மருந்துல ஒரு டோஸு வண்டி ஏறாமலே…”

“ஷைமாவுக்குள்ள இருக்கு. எரிக்க முடியாத பாட்டில் அது ஒண்ணுதான். அவ ரத்தத்தைப் பார்த்தாப் போதும். அதுல எதிர்ப்பு இல்லைன்னா, மருந்து ஃபேக்டரிக்குள்ளயே செத்துப்போச்சு. இல்யாஸ் வெளிய வந்துருவான்.”

யூனுஸ் சந்தோஷத்தில் மொபெட்டை உதைத்தான். அது ஸ்டார்ட் ஆனது. அதற்குப் பிறகுதான் அவனுக்கு விஷயம் உறைத்தது. இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தான்.

* * *

கோட்டைமேட்டில் அந்த ஒற்றை அறை வீட்டில் சமீரா எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டாள். ஷைமா தரையில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துப்போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

“ரத்தம் எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பணும்மா,” என்றார் கோவிந்தராஜுலு. “கோர்ட்டு மூலமாவே அனுப்ப வக்கீல் ஏற்பாடு பண்றார். உங்க சம்மதம் வேணும்.”

“எடுத்துக்கங்க சார். எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கங்க.” சட்டென்று நின்றாள். “மருந்து வேலை செஞ்சிருந்தா?”

கோவிந்தராஜுலு யூனுஸைப் பார்த்தார்.

“சொல்லுங்க தம்பி. வேலை செஞ்சிருந்தா?”

“பாப்பாவுக்குப் பயமில்லைங்க்கா,” என்றான் யூனுஸ். “ஆனா அண்ணன் வெளிய வர்றது கஷ்டம்.”

“வேலை செய்யலைன்னா?”

“அண்ணன் வந்துருவாரு.”

சமீரா குழந்தையைப் பார்த்தாள். “அப்ப நான் தொழுகையில என்னன்னு துவா கேக்கறது?”

 கோவிந்தராஜுலு எழுந்துபோய் வாசல் குழாயில் கை கழுவினார். அவர் அந்த வீட்டில் யாரோடும் கைகுலுக்கியிருக்கவில்லை.

சென்னகேசவன் காலண்டரைக் கோர்ட்டில் நீட்டினார். அரசுத் தரப்பில் ஆட்சேபித்தார்கள். காலண்டர் எப்படி ஆதாரமாகும் என்றார்கள். நீதிபதி ஒரு கணம் தன் அறைச் சுவரை நினைத்துக்கொண்டது போல இருந்தது. ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவு கொடுத்தார். நர்ஸ் ஊசி குத்தியபோது ஷைமா வீதியே அதிரும்படி அழுதாள். சாந்தாமணி அன்று ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தார், உள்ளே வரவில்லை, ஆனால் கோர்ட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். அந்த மாதத்தின் நல்ல செய்தி அது ஒன்றுதான். வருவாரா என்று யூனுஸ் பந்தயம் கட்டப் பார்த்தான். எதிர்ப்பக்கம் கட்ட ஆள் கிடைக்கவில்லை. அவனும் கோவிந்தராஜுலுவும் வரமாட்டார் பக்கம்.

வந்தார். கோட்டு இல்லாமல், ஒரு சாதாரணச் சேலையில், கூண்டில் ஏறி, கையெழுத்துப் போட்டது நான்தான் என்றார்.

லேப் முடிவு வந்த அன்று கோவிந்தராஜுலு யூனுஸைத்தான் அனுப்பினார். “நீதான் சிரிச்ச மூஞ்சிக்காரன்.” கோட்டைமேடு போகும் வழியில் மூன்று இடத்தில் போலீஸ்காரர்கள் நிறுத்தினார்கள். மூன்று இடத்திலும் பெயரைச் சொன்னான், சட்டைப் பையைக் காட்டினான். உள்ளே இருந்தது என்ன என்று யாரும் கேட்கவில்லை. வெறும் காகிதம்தானே.

கதவைத் தட்டுவதற்கு முன்னால் எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. சிரித்தால் குழந்தைக்குத் துரோகம். சிரிக்காவிட்டால் இல்யாஸுக்கு. தட்டுவதற்குள் சமீராவே திறந்துவிட்டாள்.

“அண்ணன் வந்துருவாருங்க்கா,” என்றான்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அல்ஹம்துலில்லாஹ்” என்ற சொல் பாதியிலேயே நின்றது. 

“வேற நல்ல ஊசி போட்டுறலாங்க்கா. டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க. வெளிநாட்டு ஊசி, சென்னைக்குச் சொல்லியிருக்கு. வந்துரும்.”

“எப்ப வரும்?”

“வந்துருங்க்கா.”

“சத்திப் பக்கம் இருக்கற புள்ளைங்களுக்கு?”

அதற்கான தகவல் யூனுஸிடம் இல்லை. கம்பெனி ஒரு அறிக்கை விட்டிருந்தது. பூஸ்டர் ஊசி இலவசமாகப் போடப்படும் என்று அதில் இருந்தது. எந்த மருந்து என்று அதில் இல்லை.

சமீரா உள்ளே போனாள். ஷைமா சுவரைப் பார்த்து உட்கார்ந்து கிண்ணத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். அம்மா சத்தமில்லாமல் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று ஒருமுறை கைதட்டினாள்.

குழந்தை திரும்பிச் சிரித்தது.

சமீரா மறுபடியும் தட்டினாள்.